துரைசானி போட்ட அடி

கல்லிடைக்குறிச்சி,
1912, ஆவணி.

அன்புள்ள அத்தானுக்கு,

கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு வேடிக்கைப் படம். துரை நேரங்கழித்து வீட்டுக்கு வருகிறான். சாப்பிட்டு முடித்த துரைசானி, அப்பளக் குழவி மாதிரி ஒரு கட்டையால் அவன் மண்டையில் போடுகிறாள். அந்த ஊரில் இதற்குத்தான் சிரிப்பார்கள் போலும். உங்கள் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. “அடிச்சது கெடக்கட்டும். புருசன் வருமுன்ன சாப்பிட்டுட்டாளே, இவளும் ஒரு பொம்பளையா?” என்றார்கள்.

நீங்கள் கப்பலேறிய நாள்முதல் நானும் அப்படித்தானே சாப்பிடுகிறேன்.

தீபாவளிக்குச் சேலை வேண்டாம். நம் வீட்டிலும் அப்பளக் குழவி இருக்கிறது. அடி வாங்கத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்