சீசாவில் போட்ட கற்பூரம்

திருத்தணி,
7-3-48, ஞாயிறு.

என் கண்ணான பத்மாவுக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சௌக்கியம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உன்னைத் தவிக்கவிடாமல் முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், உன் அக்கா கௌரிக்கு வயிற்றில் கட்டி இல்லை, பிள்ளைதான். முந்தாநாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது. தந்தி அடிக்கலாம் என்றார் நைனா, தந்தி என்றால் பிரிப்பதற்குள் நீ அழுதுவிடுவாய் என்று நான்தான் தடுத்தேன்.

அவள் சிறுநீரைச் சென்னைக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லி நீ எழுதியபடியே எல்லாம் செய்தோம், ஒன்றைத் தவிர. திட்டாதே. விடிந்ததும் அவளுடைய முதல் சிறுநீரைப் பிடித்து, வெந்நீரில் கொதிக்க வைத்த சீசாவில் ஊற்றி, கார்க் போட்டு நைனாவிடம் கொடுத்தேன். ரயிலில் நாலு பேர் நடுவில் மனுஷன் அதை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டுமே, நாற்றம் அடிக்காமல் இருக்கட்டும் என்று நம் கடையிலிருந்து ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரத்தை உள்ளே போட்டுவிட்டேன். இருபது வருஷமாக மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? அரக்கோணத்தில் வண்டி மாறிப் போகும்போது மணவூரில் ஏறிய ஒரு அம்மாள் வாசனை பிடித்து, திருத்தணித் தீர்த்தமாங்க, எனக்கும் ஒரு துளி குடுங்க என்று கையை நீட்டிவிட்டாளாம். உன் நைனா பதறிப்போய், ஐயோ வாணாம்மா, இது மருந்து, மருந்து என்று சீசாவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சென்னை வரைக்கும் நின்றுகொண்டே போனாராம். அங்கே பரிசோதனைக்கூடத்தில், பிள்ளைதானா என்று பார்க்க ஐந்து சுண்டெலிக் குட்டிகளுக்கு அதை ஊசி போட்டதில் மறுநாளே மூன்று செத்துவிட்டன, இதில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டுக் கார்டு வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று டாக்டர் குறித்திருந்த நாள் நாளை, திங்கட்கிழமை, உள்ளே பிள்ளை இருந்தால் கத்தியோடு அதுவும் போய்விடுமே. எட்டு நாளுக்கு முன்னால் சனிக்கிழமை இரண்டாவது சீசா போயிற்று, அதில் ஒன்றும் போடவில்லை, சத்தியம்.

ஆராய்ச்சிசாலையில் தினம் காலையில் எந்த எலிக்குப் பருவச் சுற்றில் எத்தனையாவது நாள் என்று அதன் கசிவைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று நீ எழுதும்போதெல்லாம் முகம் சுளித்திருக்கிறேன். யாராவது கேட்டால், பத்மாவுக்கு ஒரு டாக்டரம்மாவிடம் வேலை என்று மழுப்பிவிடுவேன். இப்போது உன் கடிதம் எனக்கு மனப்பாடம். மூளைக்கு அடியில் இருக்கும் சின்னச் சுரப்பி ஆணை போட எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு தரம் முட்டைப்பை பழுக்கிறது, உண்டானவளின் சிறுநீரிலும் அதே வேலையைச் செய்யும் ஹார்மோன் இருக்கிறது, பருவம் வராத சுண்டெலிக்கு அதைச் செலுத்தினால் காலத்துக்கு முன்பே பழுத்து ரத்தப்புள்ளி வைக்கும். இந்தத் தடவை ஐந்துக்கும் புள்ளி இருந்ததாம். அந்தக் குட்டிகளை அறுத்துத்தான் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு கௌரி அழுதுவிட்டாள். அம்மையார்குப்பத்தில் அவள் வீட்டு எலிப்பொறி பரண் ஏறிவிட்டது. தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு எலிகள் வந்து நூலைக் கடிக்கின்றன, உன் பாவா, அவள் புருஷன் கஜபதியோ, கொயந்த பொறக்கற வரைக்கும் கடிச்சிகினு போவட்டும் விடு என்கிறார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். மூன்று மாதம் குளிக்காமல் இருந்து, நடுவில் இரண்டு தரம் கறையும் பட்டு வயிறு கல்லாக ஆனபோது, அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். புள்ளதாம்மா, எனக்குத் தெரிது என்றாள். பன்னிரண்டு வருஷமாக ஏமாந்தவள், இன்னொரு தரம் தாங்க மாட்டாள் என்று பயந்து, அதெல்லாம் கட்டியாகத்தான் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னவள் நான். அவள் முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. பெற்றவள் நம்பவில்லை பத்மா, ஐந்து சுண்டெலி நம்பிற்று.

ஆவணியில் பிரசவம், இப்போதே லீவு கேட்டு வை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க நைனாவும் நானும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறோம். எலிகளுக்கு அளந்துதான் தீனி என்று எழுதியிருந்தாய், கற்பூரம் போட்டவள் சொல்கிறாளே என்று சிரிக்காதே, சோதனை முடிந்த எலி ஏதாவது இருந்தால் அக்கா பேரைச் சொல்லி அதற்கு ஒரு துண்டு வெல்லம் போடு. இனி யார் கேட்டாலும், என் மகள் எலி பார்க்கிறாள் என்றே சொல்வேன்.

உன் அம்மா,
பூவம்மாள்