பொம்மை வயிற்றில் நீ எழுதியது

என் கிறுக்கு மச்சான் முனிராஜுவுக்கு,

நல்லா இருக்கியா என்று உன்னிடம் கேட்க முடியாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைந்ததைத் திருடியவனை ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். ஆனால் அவனிடம் அதையெல்லாம் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஓசூர் பிளாஸ்டிக் கம்பெனியில் உன் மிஷினும் என் மிஷினும் பக்கத்துப் பக்கத்தில். ரிஜெக்ட் ஆன பீஸில் கட்டுகிற சிவப்பு அட்டையின் பின்பக்கம்தான் உனக்கு நோட்டு. அச்சிலிருந்து அரைகுறையாக விழுந்த கப்பைப் பார்த்து ஒற்றைக் காதுக் கழுதை போடுவாய். ஓரம் பிதுங்கிய மூடியைத் தொப்பை போட்ட சூப்பர்வைசர் ஆக்குவாய்.

"ஏன்டா மச்சா, நல்ல பீஸப் பாத்து வரைய மாட்டியா?" என்று கேட்டேன்.

"நல்ல பீஸுக்கு மூஞ்சி ஏதுடா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்" என்றாய்.

சூளகிரி வளைவில் நீ பைக்கோடு போய்ச் சேர்ந்த பிறகு, உன் காரியம் முடிந்து வேலைக்கு வந்தேன். அட்டைப்பெட்டிக்கு டிசைன் போட அடிக்கடி வருவானே அந்த பெங்களூர்க்காரன், அவன் என் தோளில் கை போட்டான். "அவன் ஞாபகமா ஏதாவது பண்றேன். அந்தக் கார்டெல்லாம் குடு" என்றான். உன் லாக்கரில் இருந்த மொத்தக் கட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே தேங்க்ஸ் வேறு சொன்னேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் புத்தி அவ்வளவுதான்.

போன மாதம் போனில் பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு மாலில் கண்காட்சி. உன் கழுதை, உன் சூப்பர்வைசர், எல்லாரும் ஒரு ஜாண் உயரப் பொம்மையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள். அலமாரியில் சேர்த்து வைக்க வாங்குகிறார்களாம். கீழே அவன் பெயர். "எல்லாம் என் கனவுல வந்தவங்க" என்று பேட்டி வேறு. நம் ரிஜெக்ட் பீஸ் அவன் கனவில் எப்படிடா போகும்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பல்லைப் பேர்க்கத்தான் போனேன். கழுதையின் வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

லைனில் யாரோ உன் அட்டைகளைச் சுடுகிறார்கள் என்று கடுப்பாகி, நீ வரைந்த ஒவ்வொரு பொம்மை வயிற்றிலும் எழுத்தைச் சுருட்டி வளைத்து ஒரு வரி எழுதி வைத்தாயே. தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் சுழி. அவன் ஒரு வளைவு பிசகாமல் செதுக்கி வைத்திருந்தான்.

"சார், வயித்துல என்ன எழுதியிருக்கு?" என்று அங்கே நின்ற அவனிடமே கன்னடத்தில் கேட்டேன்.

"எழுத்து இல்ல, டிசைன். என் மனசோட அலை."

"படிச்சுக் காட்டவா?"

"நீ எத வேணா படிப்ப."

வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். சிங்காரப்பேட்டைக்காரர். "அண்ணா, நான் வாயத் தொறக்கல, நீங்களே படிங்க" என்று கூட்டி வந்தேன். அவர் விற்பனை மேஜையில் இருந்த கழுதையின் சுழியை விரலால் தொடர்ந்து, எழுத்துக் கூட்டி, வாங்க வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கப் படித்தார்.

"முனிராஜு போட்டது. சுட்டவனுக்கு மூலம் வரும்."

படித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. இருக்கறதத்தான் படிச்சேன்."

"ஏனு, ஏனு?" என்று அர்த்தம் கேட்டார்கள் வரிசையில். கன்னடத்தில் உடைத்துச் சொன்னேன். ஒரு அம்மா கையிலிருந்த கழுதையை மேஜையிலேயே வைத்துவிட்டார். பத்து போன் அவன் மூஞ்சிக்கு நேராக எழும்பியது. கை ஓங்க வேண்டிய வேலையே இல்லை மச்சா.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். "தம்பி, அடியில சின்னதா ஸ்டிக்கர்ல அவன் பேரு போடறேன். போன்ல சுத்தற வீடியோவத் தூக்கச் சொல்லு." நிற்க வைத்தால் தெரியாத இடத்தில் உன் பெயராம். "உன் பேர எடுத்துட்டு அங்க அவன் பேரப் போடு" என்றேன். போனை வைத்துவிட்டான். அடுத்த செட்டில் வயிற்று எழுத்தை வழித்துவிடுவான், தெரியும்.

அதனால் வேறு சாட்சி வேண்டுமே என்று, உன்னிடம் சுட்ட அட்டை யாரிடமாவது இருக்கிறதா என லைனில் கேட்டுப் பார்த்தேன். நீ சாபம் விட்ட அதே பசங்கதான் இப்போது ஒவ்வொருத்தனாக அட்டையைக் கொண்டுவந்து தருகிறார்கள். முன்பக்கம் தேதி, ஷிஃப்ட், உன் கையெழுத்து. "அண்ணா, திருப்பிக் குடுத்துட்டா எனக்கு வராது இல்ல?" என்று ஒருத்தன் நிஜமாகவே கேட்டான். எடுத்துக் கொடுத்த எனக்கு? அதை நீ எழுதவில்லையே?

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தளியிலிருந்து உன் அம்மாவைக் கூட்டிப்போய் வக்கீலைப் பார்த்தாயிற்று. "சமாதானமாப் போங்கடா" என்கிறார் சூப்பர்வைசர். நீ போயிருப்பாய். நான் போக மாட்டேன்.

அவன் எந்த ஊரில் கடை விரித்தாலும் முதல் ஆளாக நான் நிற்பேன். ஒவ்வொரு பொம்மை நெற்றியிலும் அவன் கையாலேயே உன் பெயரைத் தமிழில் எழுத வைப்பேன். தெரியாது என்றால் 'மு'விலிருந்து நானே சொல்லித் தருவேன். கோணலாக எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

உன் அக்காவைக் கட்டாமலே உனக்கு மச்சான் ஆனவன்,
சிவா