கொய்யாவடி வளவு, மூன்றாம் லாச்சி

கிளாக்கர் ஐயா,

நேற்று உங்களை எரித்தார்கள். இன்று உங்கள் நோய்க்குறிப்புத் துண்டை அகற்றுவதற்காக ஆஸ்பத்திரி அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. தச்சனை இருத்தி, முப்பத்தாறு இழுப்பு லாச்சியோடு நீங்கள் செய்வித்த அலுமாரி. சாமி அறை போலக் காத்தீர்கள்.

நோயாளரின் பழைய துண்டுகளைக் குடும்பத் தலைவன் பேரில், ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள் நிறைந்த ஊரில்! அவர்கள் யன்னலடியில் தலைகுனிந்து நிற்பார்கள். "பேரில்லாட்டில் துண்டில்லை" என்று கத்துவீர்கள்.

அவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? குடியிருக்கும் வளவின் பேரைச் சொன்னார்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்த நான் அதை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் லாச்சி இலக்கம் போட்டேன். கண்டதும் கிழித்தீர்கள்.

"உது படிச்ச ஆக்கள் செய்யிற வேலையோ?"

கோழை நான், கிழிந்த தாள்களைப் பொறுக்கினேன். நீங்கள் பென்சன் எடுத்த மறுநாளே புதுக் கொப்பி தொடங்கி, துண்டுகளிலிருந்த வளவுப் பேர்களை மட்டும் பார்த்து எழுதினேன்.

பிறகு ஒரு மாரிகாலம். மலேரியாக் காய்ச்சலில் பிதற்றிய ஒருவரை வண்டியில் கொண்டுவந்து உள்ளே கிடத்திவிட்டு, ஓர் அம்மா யன்னலடிக்கு ஓடிவந்தார்.

"தம்பி, முந்தி இஞ்சை குடுத்த ஒரு மருந்துக்கு இவருக்கு மூச்சு முட்டினது. என்ன மருந்தெண்டு தெரியேல்லை. துண்டிலை எழுதினவை."

"பேர் என்ன, அம்மா?"

அழுதார். பேர் வரவில்லை. "பிள்ளையளின்ரை தேப்பன்... கொய்யாவடி வளவு."

கொப்பியைப் புரட்டினேன். மூன்றாம் லாச்சி. துண்டில் 'கொயினா கொடுக்கக்கூடாது' என்றிருந்தது. மேலே உங்கள் பேர்! எங்களில் ஒருவரையும் வீட்டுப் படலை தாண்ட விடாத பெரிய மனிதர் நீங்கள். உங்கள் மனைவியை எனக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய்ப் பார்த்தால், மலேரியாவுக்கென்று நேர்ஸ் கொயினாவைத்தான் கலக்கிக்கொண்டிருந்தார்; துண்டைக் காட்டித் தடுத்தேன்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் வந்தீர்கள். நன்றி சொல்வீர்கள் என்று மடையன் மாதிரி எழுந்து நின்றேன். கொப்பியை வாங்கிப் பார்த்தீர்கள்.

"எழுத்து வடிவில்லை."

அவ்வளவுதான். போய்விட்டீர்கள். அந்த வெட்கங்கெட்ட முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்று உங்கள் துண்டை எடுத்துவிட்டேன். கொப்பியிலிருந்த கொய்யாவடி வளவையும் வெட்டப் பேனையைத் தொட்டேன், வெட்டவில்லை. உங்கள் மனைவியின் துண்டும் அதே லாச்சியில், உங்கள் பேரில்தான் கிடக்கிறது. நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இந்த யன்னலடிக்குத்தான் வருவார். அப்போதும் உங்கள் பேரைச் சொல்லமாட்டார்.