காப்புக் கட்டிய கை

இன்று காலை மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சளில் நனைந்த கையோடு வாசலில் வந்து நின்றார். "அக்கா, அண்ணன் இல்லாத மொத வருசம். ஒங்க வீட்டுத் தீச்சட்டிய யாரு எடுக்கிறாகன்னு கோயில்ல கேட்டாக." சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகும் மஞ்சள் வாடை வீட்டுக்குள்ளேயே நின்றது. அதனால்தான் உங்கள் படத்துக்கு முன்னால் பேச உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகி வெகுகாலமாய் நமக்குப் பிள்ளையில்லை. மதுரை டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசியாப் போட்டு ஒடம்ப வருத்த வேண்டாம்மா. மாத்திரையும் கொஞ்சம் ஊசியும் போதும். ஒண்ணு ரெண்டு முட்டதான் வளரும். அத வெளிய எடுத்து, அன்னைக்கே அவரோட விந்தணுவச் சேத்துப் பாப்போம்" என்றார். திரும்பும் பஸ்ஸில் காரியாபட்டி வரைக்கும் நீங்கள் விரல் மடக்கிக்கொண்டே வந்தீர்கள். முட்டை எடுப்பதற்குள் பொங்கல் முடிந்துவிடும் என்பது உங்கள் கணக்கு. அதை நம்பித்தான் பிள்ளை வரம் கேட்டுத் தீச்சட்டி நேர்ந்து, காப்பும் கட்டிக்கொண்டீர்கள். சட்டி இறக்கும்வரை கடும் விரதம். பெண்டாட்டி பக்கம்கூடத் திரும்பக் கூடாது.

முட்டை பொங்கலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, முந்தியே முத்திவிட்டது என்றார்.

என்னை மயக்கி, ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். கண் விழித்ததும், "ரெண்டு கெடச்சிருக்குக்கா" என்றாள் நர்ஸ். எனக்குச் சிரிப்பு பொங்கியது. வெளியே நீங்கள் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தீர்கள். விந்து பிடித்துத் தரச் சொல்லிக் காலையில் கொடுத்த டப்பா உங்கள் கையில் காலியாகவே இருந்தது.

"காப்பு கையில கெடக்கு புள்ள. ஆத்தாட்ட கேட்டு வாங்குற பிள்ளைக்காக ஆத்தா வெரதத்தையே முறிக்கவா?"

"கயித்த அவுத்துருங்க. ஆத்தா கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்."

"பிள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

இன்னும் உருவாகாத பிள்ளைக்காக அப்படிப் பயந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நம் கதையில் பூசாரியும் நீங்கள்தான். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, "இனி முட்ட தாங்காதும்மா" என்றார். முட்டையைப் பத்திரப்படுத்தி வைக்கும் வசதி அப்போது அங்கே கிடையாது.

நீங்கள் நேர்ந்தது ஒரு சட்டி. பொங்கலன்று இரண்டு கையிலும் ஒவ்வொன்று ஏந்தி வந்தீர்கள். உங்கள் வத்தல் கடைக் கூட்டாளி, "ஏலே, எதுக்குலே ரெண்டு?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார். "கை ரெண்டு இருக்குல்ல" என்றீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை மருந்துக்கு முட்டையே வளரவில்லை. அதன் பிறகும் வருசா வருசம் இரண்டு சட்டி எடுத்தீர்கள். வேண்டுதல் இன்னும் தீரவில்லை போல என்று ஊர் பேசிக்கொண்டது.

உங்கள்மேல் கோபமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டிகளோடு நீங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம், கோபத்தோடேயே உங்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வருகிற நேரமாகிவிட்டது. காப்பை என் கையில் கட்டச் சொல்லப் போகிறேன். எத்தனை சட்டி என்று கேட்பார்.

இரண்டு என்பேன்.