வாசலில் நின்று சொல்லும் சொல்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் அறை வாசலில் போய் நின்றேன். கதவு பாதி திறந்துதான் கிடந்தது. அழுக்குத் துணியை எடுக்க வழக்கமாக நேரே நுழைந்துவிடுவேன். இன்று என்னவோ கால் தயங்கியது. "பெர்மெசோ" என்றேன். போர்வைக்குள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது: "யூ சவுண்ட் ஜஸ்ட் லைக் ஆன்ட்டி, மா."

பிஸ்கட்டவேயில் நாம் எதிரெதிர் வீடுகளில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லோடுதான் நீங்கள் வருவீர்கள். கையில் மூடிய கிண்ணம், தோளில் பனித்தூள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வரும் வழியில் இத்தாலியில் சில வருடங்கள் வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே கதவு திறந்திருந்தாலும் அதைச் சொல்லாமல் யாரும் படி தாண்டமாட்டார்களாம். உள்ளிருந்து "அவாந்தி", உள்ளே வா, என்று பதில் வருமாம். நெரிசலான பஸ்ஸில் வழி விலக்கவும் அதே சொல். வேலையில் எடுக்கும் லீவுக்கும் அதுதான். அந்த நாட்டில் தங்குவதற்காகப் போலீஸ் அலுவலக வரிசையில் காத்து நின்று வாங்கும் அனுமதித் தாளுக்கும் அதே பெயர். "அந்த ஒண்டுக்குத்தான் பயம். மிச்சமெல்லாம் மரியாதை" என்று சிரிப்பீர்கள்.

அப்போது என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கிரீன் கார்டு வந்த பிறகும் எதற்கெடுத்தாலும் "அவர்கிட்ட கேக்கணும்" என்பேன். ஒருநாள் அதைக் கேட்டதும் நீங்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"நான் உம்மட வாசல்லை நிண்டு கேக்கிறன் எண்டோ நினைச்சீர்? இல்லையப்பா. வாறன் எண்டு சொல்லுறன். சொல்லேக்கையே ஒரு கால் உள்ளுக்கை."

கடைசியாக, மருத்துவமனையில், வெளிச்சம் பாலாக நிறைந்திருந்த அந்த அறையின் வாசலில் நான் அதைச் சொன்னேன். கண் திறக்காமலே "அவாந்தி" என்றீர்கள். எங்கோ ஒரு கடலோர ஊரில், நான் பார்த்தேயிராத வீட்டுக்குள் என்னை அழைப்பது போலிருந்தது. மெதுவாக உள்ளே வந்தேன்.

சான்டா கிளாராவில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அக்கா. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டேன். "இவளும் காலேஜுக்குப் போயிடுவா. நீயும் போனா வீட்ல யாரு?" என்றார். கோபமில்லை, டிவியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. அதன்பின் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கீழே மெஷினில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் வெளியே கார் கழுவுகிறார். தண்ணீர் சத்தம் மழை மாதிரிக் கேட்கிறது. திங்கட்கிழமை காலை போன் பண்ணி, வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். அவரிடம் அன்று மாலை சொல்வேன்.