தம்பிக்கு வக்கீல் பார்த்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். சிறையில் சாப்பாடு எப்படி, படுக்க இடம் கிடைக்கிறதா என்று கேட்டால் நீ "பரவாயில்லக்கா" என்பாய். ஊமைக்கோட்டான். அதனால் கேட்கவில்லை.

உனக்கு வக்கீல் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்தான். அவரிடமும் தலையைக் குனிந்துகொண்டு உட்காராதே.

முதலில் உன் மாமாதான் தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அழைத்துப்போனார். "எங்க ரொட்டி வேன ஓட்டுனது நான்தான், சைக்கிள்காரர் மேல மோதிட்டு நிக்காம வந்துட்டேன்" என்று நீயே போலீசில் சொல்லியிருக்கிறாயே, அதைக் கேட்டதும் அந்த வக்கீலுக்கு ஒரே நிம்மதி. "அதான் ஒத்துக்கிட்டாரே, கோர்ட்லயும் அதையே சொல்லட்டும், சட்டுனு முடிஞ்சிடும்" என்றார். மாமா தலையாட்டினார். ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார், அவர் வீட்டில் யாருக்கு அது சட்டென்று முடியும்? நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தவரை நானே தேடிப்போனேன். கண்ணாடி அறை, ஜில்லென்று ஏசி. செல்போனைப் பார்த்தபடியே, ஒரே வாரத்தில் உன்னை வெளியே கொண்டுவருவதாகச் சத்தியம் செய்தார். உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவரை எப்படி நம்புவது?

இந்த வக்கீலம்மாவைப் பற்றிச் சொன்னது என் தையல் கடை முதலாளியம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை, உட்காரும் நாற்காலியிலும் கேஸ் கட்டுகள். மாமாவும் எங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். "நீங்க கொஞ்சம் கீழ இருங்க சார். இவங்ககிட்ட தனியா பேசணும்" என்று வக்கீலம்மா அனுப்பிவிட்டார். மாமாவுக்கு முகமே செத்துவிட்டது.

பிறகு உன்னைப் பற்றியே கேட்டார். உன் உயரத்துக்கு எல்லோரும் உன்னை அரைப்படி என்று கூப்பிடுவதையும், சீட்டு நகராத அந்தப் பழைய வேனில் நான் தைத்த திண்டை முதுகுக்கு வைத்தால்தான் உனக்குப் பிரேக் எட்டும் என்பதையும் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று காலை அந்தத் திண்டு எங்கே இருந்தது என்று கேட்டார்.

நான் துவைத்துப்போட்டிருந்தேன், கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நம் வீட்டில் அந்த வேனை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நான் அதில் இல்லை. இதற்குமேல் எழுதக் கூடாது என்று அவர் உத்தரவு.

கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "நான் உங்க தம்பிக்கு மட்டும்தான் வக்கீல், உங்க குடும்பத்துக்கு இல்ல. அவருக்காகப் பேசப்போய் உங்க வீட்ல வேற யாருக்காவது கஷ்டம் வந்தா, நடுவுல நிறுத்தச் சொல்லக் கூடாது. யோசிச்சு சொல்லுங்க." உன்னை விடுவித்துவிடுவதாக வாக்கும் தரவில்லை. போலீசில் பொய் சொல்லியிருந்தால் அதற்கும் நீ பதில் சொல்ல வேண்டியிருக்குமாம்.

ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா கீழே பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, தம்பி. எனக்குப் பயமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இனி நீ வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவர் உன் வக்கீல். அக்கா குடும்பம் சிதறிவிடுமே என்றுதானே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? என் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை உள்ளே விட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லையடா. எல்லாவற்றையும் அவரிடம் சொல், யாருக்காகவும் எதையும் குறைக்காதே.

உன் மாமா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியும். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. "நானும் விசாரிச்சதா எழுது" என்று மட்டும் சொன்னார். எழுதிவிட்டேன்.

நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். வரும் நாளில் இந்த வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறக்க நான் இருப்பேன்.

உன் அக்கா