மன்றத்தின் நடுச்சுவர்

மார்ச் 3

பேசாமல் இருந்தது போதும்.

எங்கள் தெரு மனமகிழ் மன்றம் பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன் நான். பூட்டைத் திறந்ததும் சீரமைப்புக் குழுவுக்குத் தலைவர் யார்? என் மனைவியின் அண்ணன். கட்டடம் கட்டப் படித்த நான் வீட்டில் இருக்க, பாத்திரக் கடைக்காரர் தலைவர். இன்று வாசலில் கல் பதித்திருக்கிறார்கள். வண்ணம் பூசியவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. இரண்டு முறை படித்தேன்.

இனி வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க எப்போ மூடியிருந்தீங்க?" என்றாள்.

மார்ச் 5

மன்றத்து ஜன்னல்களுக்குப் பாசி படிந்தாற்போல ஒரு பச்சை வண்ணம். சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மார்ச் 9

மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் மன்றத்துக்குள் போனேன். அவளுடைய தையல் வகுப்புக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் எங்கள் முன்னறையில், கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு நடத்தினாள். இப்போது ஒவ்வொரு தையல் இயந்திரத்தையும் எந்த ஜன்னலோரம் போடுவது என்று வெறும் தரையில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வௌவால் நாற்றம் போய்விட்டது. மேசைப்பந்து அறையையும் வாசிப்பறையையும் ஒரே கூடமாக்க நடுச்சுவரை எடுக்கிறார்கள். பாதி இடித்தாயிற்று.

மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி. பழைய வரைபடத்தில் இல்லாதது, பிற்பாடு யாரோ வைத்தது. நேராக அந்தச் சுவரின் தலைமேல்.

மார்ச் 10

கடைக்கே போய், நாலு பேர் முன்னால் சொன்னேன். "மச்சான், அது வெறும் தடுப்புச் சுவர் இல்ல. மேல இருக்கிற டேங்க் அதுமேலதான் நிக்குது. முட்டுக் கொடுக்காம இன்னும் ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீங்க."

கையிலிருந்த வாளியை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "மாப்ளே, கல்லுல பேரு இல்லேன்னா கல்லுமேல கோவிச்சுக்கங்க. பாவம், சுவரு என்ன பண்ணுச்சு?"

கடையே சிரித்தது. மன்றத்து மேஸ்திரியும் அங்கேதான் இருந்தார். "ஆட்சேபணை சார், போன வாரம் பச்சை, இந்த வாரம் சுவரா?"

ஆட்சேபணை சார். தெரு எனக்கு வைத்த பெயர். கல்லில் அதையாவது வெட்டியிருக்கலாம்.

உடம்பெல்லாம் எரியுது. இடிக்கட்டும். விழட்டும். அப்போ தெரியும், யாரு படிச்சவன்னு —

இதை எழுதியது நானா? அடித்துவிடலாம். வேண்டாம். கிடக்கட்டும்.

மார்ச் 11

நகராட்சிப் பொறியாளருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சார்... மறுபடியுமா? மனுவா எழுதிப் போடுங்க, பாக்கலாம்."

புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதைதான். என்ன, இந்த முறை புலி மாடியில் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 13

சாப்பிடும்போது மனைவி யதேச்சையாகச் சொன்னாள். "அந்தப் பாதிச் சுவத்துல இருக்கிற கதவு முந்தாநாள் நல்லா மூடுச்சு. நேத்து மாட்டிக்கிச்சு. தச்சர் மேல்பக்கம் இழைச்சுவிட்டாரு. இன்னைக்கு மறுபடி மாட்டிக்குது. மரம் ஊறிருச்சு போல."

என் கை தட்டிலேயே நின்றது. மழையே இல்லையே, மரம் எப்படி ஊறும்? கதவு நிலை நெரிகிறது. மேலிருந்து பாரம் இறங்குகிறது. தச்சர் இழைத்துக்கொண்டே இருப்பார், அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

திங்கட்கிழமை மிச்சச் சுவரையும் எடுக்கிறார்கள். அந்த வாரமே இவள் வகுப்பு.

சொன்னேன். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, "நீங்க அன்னைக்குச் சொன்ன அதே சுவரா?" என்றாள். அன்றைக்கு அவளும் என்னை நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 14, ஞாயிறு

காலையில் மனு எழுத உட்கார்ந்தேன். குழு, கல், நான் ஏறி இறங்கிய படிகள் — பக்கம் பக்கமாக வந்தது. மனைவி வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுத்து, துணியில் வெட்டுக்கோடு போடுவதுபோல நிதானமாக அடித்துக்கொண்டே போனாள். மிஞ்சியது இவ்வளவுதான்: நடுச்சுவரின் மேல் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. சுவரை இடித்தபின் கதவு மூடவில்லை. தொட்டியைக் காலி செய்யுங்கள். முட்டுக் கொடுங்கள். பொறியாளர் வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.

அடியில் என் பெயர். பென்சில் அங்கே வந்து நின்றது.

"உங்க பேரு இருந்தா உங்களைத்தான் பாப்பாங்க. சுவரைப் பாக்க மாட்டாங்க."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

பெயரை அடித்தாள். என் கையெழுத்து இங்கே எல்லாருக்கும் அத்துப்படி என்பதால் அவளே பெரிய எழுத்தில் இரண்டு படி எழுதினாள். ஒன்று நகராட்சி வாசல் மனுப் பெட்டிக்கு, ஒன்று மன்றத்துக்கு.

"வகுப்பு தள்ளிப்போகுமே," என்றேன்.

"போகட்டும். கட்டில நிமித்தி வைங்க."

"உன் கையெழுத்து உன் அண்ணனுக்குத் தெரியும்."

"தெரியட்டும்னுதான் எழுதுறேன்."

நாளை மேஸ்திரி வருமுன் போய்விட வேண்டும். கதவில் ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைத் தேடி முதலில் அந்தக் கல்லைத்தான் படிக்கிறார்கள். அதன் மேல் ஒட்டுகிறேன். பெயர் போடாமல்.